"பரீட்சை முடியட்டும்"னு காத்திருக்காதீங்க: தம்பிக்காக ஒரு அக்கா எழுதின கடிதத்துக்கு பதில்

ஈரோடு பக்கம் விசைத்தறி ஓடுற ஒரு ஊர்ல இருந்து 24 வயசு பொண்ணு ஒருத்தங்க எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியக்கூடாதுங்கிறதுக்காக ஊர் பேரையும் சில விவரங்களையும் எடுத்துட்டேன். மத்தபடி கடிதத்துல இருக்கிறது இதுதான்.

தம்பிக்கு 17 வயசு, பிளஸ் டூ படிக்கிறான். பத்தாவது வரைக்கும் உள்ளூர் அரசுப் பள்ளி, 500க்கு 463 எடுத்தான். டாக்டர் ஆகணும்னு அவனே ஆசைப்பட்டான். அக்காதான் நாலு இடத்துல விசாரிச்சு நீட் கோச்சிங்கோட சேர்ந்த ஒரு ஹாஸ்டல் ஸ்கூலைச் சொன்னாங்க, ஃபீஸுக்கு அப்பா தறி ஓனர்கிட்ட முன்பணம் வாங்கினாரு. அங்க காலைல 4:30க்கு எழுப்பிவிட்டு ராத்திரி 10:30 வரைக்கும் ஸ்டடி. வாராவாரம் டெஸ்ட், மார்க் பாத்து செக்‌ஷன் மாத்துவாங்க, யார் கீழ இறங்கினாங்கன்னு பிரேயர்ல பேர் படிப்பாங்க. இவன் முதல் செக்‌ஷன்ல இருந்து மூணாவதுக்கு வந்துட்டான்.

ஜூன்ல இருந்தே தலைவலி, வயித்துவலி. ஸ்கேன் எடுத்தா ஒண்ணும் இல்ல, கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. காலாண்டு லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் ஆசையா வளர்த்த புறாக்கூண்டு பக்கமே போகல. விடியக்காலம் 3 மணிக்கு முழிச்சு உக்காந்திருக்கான், பேன்ட் இடுப்புல நிக்காத அளவுக்கு இளைச்சிட்டான், சாப்பிட வான்னு கூப்பிட்டாலே கத்துறான், ஒரு நாள் கோவத்துல ஃபோனை சுவத்துல அடிச்சு உடைச்சிட்டான். ஸ்கூல் திறந்தாச்சு, போக மாட்டேங்கிறான். போன வாரம் வாட்சையும் புறாக்களையும் மாமா பையனுக்குக் கொடுத்துட்டான். அன்னைக்கு ராத்திரி அக்காகிட்ட, "நான் இல்லேன்னா அப்பாவுக்குக் கடனாச்சும் மிச்சமாகும்"னு சொல்லியிருக்கான். மறுநாள் கேட்டதுக்கு "சும்மா சொன்னேன்"னுட்டான்.

குடும்பத்தைப் பத்தியும் எழுதியிருக்காங்க. சித்தப்பா ஒருத்தர் 29 வயசுல தன் உயிரை மாய்ச்சுக்கிட்டவர், வீட்ல அவர் பேச்சையே எடுக்க மாட்டாங்க. தம்பி பொறந்தப்புறம் அம்மா ஒரு வருஷம் "ஒரு மாதிரி" இருந்திருக்காங்க. அப்பா கூலி வாங்குற சனிக்கிழமை குடிச்சிட்டு வந்து, "இவ பேச்சைக் கேட்டுத்தான் 7.5 போச்சு"ன்னு சத்தம் போடுவாரு, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மெடிக்கல் சீட்ல இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீட்டைத்தான் சொல்றாரு. இது வயசுக் கோளாறா, ஃபோனா? மார்ச்ல பரீட்சை முடிஞ்சதும் டாக்டரைப் பாக்கலாம்னு அம்மா சொல்றாங்களே, அது சரியா? மாத்திரைக்கு அடிமையாகிடுவானா, பின்னாடி மெடிக்கல் சீட்டுக்குப் பிரச்சனை வருமா? இதுக்கெல்லாம் நான்தான் காரணமா? இவ்வளவும் கேட்டிருக்காங்க.

அம்மா, தம்பி அன்னைக்கு ராத்திரி உங்ககிட்ட சொன்னதை நான் முதல்ல எடுத்துக்கிறேன். மார்ச் வரைக்கும் காத்திருக்க முடியாது, அடுத்த வாரம் வரைக்கும்கூட வேண்டாம். ஆசையா வெச்சிருந்த பொருளை எடுத்துக் கொடுக்கிறதும், நான் இல்லேன்னா உங்களுக்கு நல்லதுன்னு பேசுறதும் சேர்ந்து வந்தா அதை மனநல டாக்டருங்க நாங்க அவசரமாத்தான் பாப்போம். சும்மா சொன்னேன்னு அவன் சொன்னதை நம்பி விட்டுடாதீங்க, நீங்க பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சு உங்களைச் சமாதானப்படுத்தக்கூட அப்படிச் சொல்லியிருக்கலாம்.

இன்னைக்கு ராத்திரி செய்ய வேண்டியது

அவன்கிட்ட நேரா கேளுங்க. சாவைப் பத்திக் கேட்டா நாமளே அந்த எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆயிடுமோன்னு நீங்க பயப்படுறது புரியுது, கிட்டத்தட்ட எல்லா வீட்லயும் இந்த பயம் இருக்கு. ஆனா அது அப்படி இல்லைங்க. ஆய்வுகள்ல பாத்தாச்சு, கேக்கிறதால ஆபத்து கூடுறதில்ல, உள்ளயே பூட்டி வெச்சிருந்ததை வெளிய சொல்ல ஒரு ஆள் கிடைச்சதுன்னு பிள்ளைங்களுக்கு மூச்சு வரும். சுத்தி வளைக்காம, "தம்பி, அன்னைக்கு நீ சொன்னது எனக்கு மனசை விட்டுப் போகல. செத்துடலாம்னு தோணுதாடா? எப்படின்னு எதாச்சும் யோசிச்சு வெச்சிருக்கியா?"ன்னு கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும் அழாதீங்க, திட்டாதீங்க, அம்மா மேல சத்தியம் பண்ணுன்னு கேக்காதீங்க. சத்தியம் வாங்கினா அடுத்த தடவை தோணும்போது உங்ககிட்ட சொல்ல மாட்டான், அவ்வளவுதான் நடக்கும். "சொன்னியே, அது போதும். நாளைக்கு நாம சேர்ந்து போய் ஒருத்தரைப் பாக்கலாம்"னு சொன்னா போதும்.

எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கேன்னு சொன்னான்னா விடியட்டும்னு இருக்காதீங்க, அந்த ராத்திரியே அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க, வண்டி இல்லேன்னா 108 கூப்பிடுங்க. இல்லேன்னு சொன்னாலும் சரி, ஆமான்னு சொன்னாலும் சரி, டாக்டரைப் பாக்கிற வரைக்கும் அவனைத் தனியா படுக்க விடாதீங்க. வீட்ல இருக்கிற பூச்சி மருந்து, எலி மருந்து, பெரியவங்களோட பிரஷர் சுகர் மாத்திரை எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்து வேற வீட்ல வெச்சிடுங்க, ஒளிச்சு வெக்கிறது போதாது. இந்த மாதிரி நேரத்துல உச்சத்துக்குப் போற எண்ணம் பெரும்பாலும் ரொம்ப நேரம் அதே வேகத்துல நிக்காது. அந்த நேரத்துல கைக்கு எட்டுற தூரத்துல எதுவும் இல்லாம இருந்தாலே நிறைய உயிர் பிழைக்குது.

14416, இது டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, இருபத்தி நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். அவன்தான் பேசணும்னு இல்ல, நீங்களே கூப்பிட்டு இப்ப என்ன பண்றதுன்னு கேக்கலாம். தமிழ்நாடு அரசோட சுகாதார உதவி எண் 104லயும் கேக்கலாம். சென்னைல 1986ல இருந்து நடக்கிற, தற்கொலையைத் தடுக்கிறதுக்கான சினேகா அமைப்போட நம்பர் 044-24640050.

வயசா, ஃபோனா, திமிரா?

டிப்ரஷன்னா ஒருத்தர் மூலையில உக்காந்து அழுதுட்டே இருப்பாங்கன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. பெரியவங்களுக்கே அது எப்பவும் பொருந்தாது, டீன் ஏஜ் பிள்ளைங்களுக்கு இன்னும் பொருந்தாது. இந்த வயசுல சோகத்துக்குப் பதிலா எரிச்சலும் கோவமும் முன்னாடி நிக்கலாம்னு நாங்க நோயை முடிவு பண்ற கையேட்டுலயே இருக்கு. முக்கியமா பையன்கள்ல இது தவறிப்போறது இதனாலதான், அழுதா யாராச்சும் என்னன்னு கேப்பாங்க, கத்தினா திமிருன்னு சொல்லி ரெண்டு அடி போட்டுட்டுப் போயிடுவாங்க. ஃப்ரெண்ட்ஸ் வந்தா சிரிச்சுப் பேசுறானே அப்புறம் எப்படி டிப்ரஷனா இருக்கும்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. சிரிக்க முடியும்ங்க. அரை மணி நேரம் வெளியாளுங்க முன்னாடி நல்லா இருக்கிற மாதிரி காட்டிட்டு அவங்க போனதும் சுருண்டு படுத்துக்கிற பிள்ளைங்க நிறைய பேர்.

நாங்க என்ன பாப்போம்னா, ரெண்டு வாரமோ அதுக்கு மேலயோ கிட்டத்தட்ட தினமும் மனசு கனமா இல்ல எரிச்சலா இருக்கா, முன்ன பிடிச்சது இப்ப பிடிக்காம போச்சா, தூக்கம், பசி, எடை மாறியிருக்கா, கவனம் நிக்குதா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு பேச்சு வருதா, சாவைப் பத்தின நினைப்பு இருக்கா, இதெல்லாம் அவனோட அன்றாடத்தைக் கெடுக்குதா. நீங்க எழுதினதை இதோட வெச்சுப் பாருங்க, புறா, 3 மணி முழிப்பு, இடுப்புல நிக்காத பேன்ட், ஸ்கூல் போக மறுக்கிறது. கடிதத்தை மட்டும் வெச்சு நோய்னு முத்திரை குத்த முடியாது, நேர்ல பாக்கணும், ஆனா இதை வயசுக் கோளாறுன்னு ஒதுக்கவே கூடாது. அந்த தலைவலி வயித்துவலியும் நடிப்பு இல்ல, நிஜமாவே வலிக்கும், மனசு சொல்ல முடியாததை உடம்பு சொல்லும்.

ஃபோனைப் பத்தி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்தா தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா மனசு கெடும், அது உண்மை. ஆனா ஹாஸ்டல்ல இவன் கைல ஃபோனே இல்ல, அங்கதான் இது ஆரம்பிச்சிருக்கு, அதனால ஃபோனைக் காரணம்னு பிடிச்சுக்கிட்டா நிஜக் காரணத்தை விட்டுடுவோம்.

இது எங்கிருந்து வந்துச்சு

ஒத்தைக் காரணம்னு ஒண்ணு கிடையாதுங்க, பலது சேர்ந்து வரும். உங்க வீட்டை எடுத்துக்கிட்டா, சித்தப்பா விஷயமும் அம்மாவோட அந்த ஒரு வருஷமும் முக்கியம். அம்மாவுக்கு வந்தது பிரசவத்துக்கு அப்புறம் வர்ற டிப்ரஷனா இருந்திருக்கலாம், யாரும் பேர் வெக்காம கடந்து போயிருக்கு. ரத்த சொந்தத்துல இருந்தா பிள்ளைக்கு வர வாய்ப்பு கூடும், வந்தே தீரும்னு அர்த்தம் இல்ல. டாக்டர்கிட்ட இந்த ரெண்டையும் மறைக்காம சொல்லுங்க, மானம் போயிடும்னு மறைச்சா அவங்க பாதி விவரத்தை வெச்சுத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தூக்கம். இந்த வயசுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் வேணும். 10:30க்கு ஸ்டடி முடிஞ்சு 4:30க்கு எழுப்பினா படுத்த உடனே தூங்கினாக்கூட 6 மணி நேரம்தான். அதுவும் பருவ வயசுல உடம்புக்குள்ள தூக்கம் வர்ற நேரமே தள்ளிப்போகும், சோம்பேறித்தனம் கிடையாது, தூக்கம் வர வெக்கிற மெலடோனின்ங்கிற ஹார்மோன் சுரக்கிறதே லேட்டாகும். ஒன்றரை வருஷம் இப்படி ஓட்டியிருக்காங்க. அது மேல வாராவாரம் டெஸ்ட், பேர் படிச்சு அவமானம், வீட்டை விட்டுத் தூரம், தன் படிப்புக்காக அப்பா கடன்பட்டாருங்கிற பாரம், சனிக்கிழமை சண்டை. கெட்டிக்காரப் பிள்ளை, ஊர்ல முதலா வந்தவன், அங்க போய் மூணாவது செக்‌ஷன்ல நிக்கும்போது மார்க் குறைஞ்சதா மட்டும் அவனுக்குத் தெரியாது, தானே இல்லாம போயிட்ட மாதிரி இருக்கும்.

இதுல உங்க பங்கு என்னன்னு கேட்டிருக்கீங்க. அவன் ஆசைப்பட்டதுக்கு வழி தேடினீங்க, அதுதான் நீங்க செஞ்சது. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், அது 2020ல வந்த சட்டம், இப்ப திரும்பிப் போய்ச் சேர்ந்தாலும் அந்த வழி திறக்காது. போனது போனதுதான். ஆனா அதை வீட்ல ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்துப் பேசும்போது உங்களைத் திட்டுற மாதிரி இருந்தாலும் அடி விழுறது பக்கத்து ரூம்ல படுத்திருக்கிற தம்பி மேலதான், எனக்காக அக்கா பேச்சு வாங்குறாளேன்னு. அப்பாகிட்ட இதை நீங்க சொன்னா சண்டையாகும், மாமா கிட்டயோ அவர் மதிக்கிற வேற பெரியவங்க கிட்டயோ சொல்லி, குடிக்காத ஒரு காலை நேரத்துல பேசச் சொல்லுங்க. "உன் பையன் உயிருக்கு ஆபத்து இருக்கு, இன்னும் கொஞ்ச நாளைக்கு 7.5, கடன், மார்க் இந்த மூணு பேச்சும் வீட்ல வேண்டாம்", இவ்வளவு போதும். அப்பாவை வில்லனாக்க வேண்டாம்மா, தறி ஓட்டிக் கடன் வாங்கிப் படிக்க வெச்சவர், அவருக்கும் பயம் இருக்கு, அது அப்படி வெளிய வருது.

யாரைப் பாக்கிறது, அங்க என்ன நடக்கும்

பெருந்துறை, சேலம், நாமக்கல், எது கிட்டயோ அந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலயும் மாவட்ட மனநலத் திட்டத்துல டாக்டர் இருப்பாங்க. ஓபி சீட்டு போட்டு நேரா போகலாம். அவன் 18 ஆகாதவன்ங்கிறதால சிகிச்சை ஆரம்பிக்க அம்மாவோ அப்பாவோ சம்மதம் வேணும், அதனால அம்மாவைக் கூடக் கூட்டிட்டுப் போங்க, அப்பா வரலேன்னா அதுக்காகத் தள்ளிப்போடாதீங்க. டாக்டர் அவன்கிட்ட தனியா பேசுவாங்க, அப்ப வெளிய வந்து உக்காந்துக்கோங்க. அவன் சொல்றதை ரகசியமா வெச்சுக்கணும்னு 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வீட்டுக்குச் சொல்வாங்க, அதை அவன்கிட்டயே முன்கூட்டிச் சொல்லிடுவாங்க. தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாம் டிப்ரஷன் மாதிரியே காட்டும், அதனால ரத்தம் டெஸ்ட் எழுதினா எதுக்குன்னு யோசிக்காதீங்க. அப்பத்தா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க. கோயிலுக்குப் போய் விபூதி வெச்சுக்கிட்டா அவங்க மனசு ஆறும்னா போயிட்டு வாங்க, ஆனா டாக்டரைப் பாத்துட்டு அப்புறமா, அடிக்கிறது பட்டினி போடுறதுன்னு எந்தப் பேச்சு வந்தாலும் உடனே எழுந்து வந்துடுங்க.

மெடிக்கல் சீட்டுக்குப் பிரச்சனை வருமான்னா, வராது. நீட் விண்ணப்பத்துல மனநல சிகிச்சை எடுத்தியான்னு ஒரு கேள்வியே கிடையாது. ஓபி சீட்டு எங்கயும் போய் ஒட்டிக்காது.

மாத்திரை பத்தி

லேசான டிப்ரஷன்னா கவுன்சலிங், தூக்கத்தைச் சரி பண்றது, தினமும் கொஞ்சம் வெளிய நடமாட வெக்கிறது, இதுலயே மாறும். நடுத்தரமோ தீவிரமோன்னா மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்கிறது நல்லாப் பலன் தருது. இந்த வயசுக்கு பெரும்பாலும் முதல்ல யோசிக்கிறது ஃப்ளூவாக்ஸெட்டின். இது தூக்க மாத்திரை கிடையாது, போதை கிடையாது, இன்னும் இன்னும் வேணும்னு ஏங்க வெக்காது. ஆனா சட்டுன்னு நிறுத்தினா சிலருக்குத் தலைசுத்தல், எரிச்சல் வரும், அதனால டாக்டர் சொல்ற மாதிரி மெதுவா குறைச்சுத்தான் நிறுத்தணும். பலன் தெரிய 4ல இருந்து 6 வாரம் ஆகும். நல்லா ஆனப்புறமும் ஒரு ஆறு மாசத்துக்குக் குறையாம தொடர வேண்டியிருக்கும், நல்லாயிட்டானேன்னு நீங்களே நிறுத்திட்டா திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

ஒரு விஷயத்தை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். 2004ல அமெரிக்க மருந்துத் துறை பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற இந்த வகை மாத்திரைங்க மேல ஒரு எச்சரிக்கை போட்டாங்க. ஆரம்பத்துல தற்கொலை எண்ணமோ அந்த மாதிரி நடத்தையோ மாத்திரை எடுத்தவங்கள்ல 100ல 4 பேருக்கும், ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவங்கள்ல 2 பேருக்கும் இருந்துச்சு, அந்த ஆய்வுகள்ல யாரும் சாகல. அதனால மாத்திரையே வேண்டாம்னு எடுத்துக்காதீங்க, சிகிச்சை இல்லாத டிப்ரஷன்ல ஆபத்து இன்னும் பெருசு. முதல் சில வாரம் கண்கொத்திப் பாம்பா பாக்கணும், நிலைகொள்ளாம அலையுறது, தூக்கமே இல்லாம போறது, திடீர்னு அளவுக்கு மீறின கோவம் இல்ல உற்சாகம், இதுல எது தெரிஞ்சாலும் அடுத்த தேதி வரைக்கும் இருக்காம அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரை உங்க அம்மா கைல இருக்கட்டும், வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும்.

ஸ்கூலும் பரீட்சையும்

இப்ப ஹாஸ்டலுக்கு அனுப்பாதீங்க. அதை டாக்டர் பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் வீட்ல இருக்கட்டும். ஸ்கூலை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சிருக்கீங்க, ஸ்கூலை மாத்துறது உதவலாம், ஆனா அது சிகிச்சை இல்ல, அடுத்த ஸ்கூலுக்கும் இதே மனசைத்தான் தூக்கிட்டுப் போவான். டாக்டர் சர்ட்டிபிகேட்டோட போய், வீட்ல இருந்து படிச்சுட்டு பொதுத்தேர்வு மட்டும் எழுத வழி இருக்கான்னு கேளுங்க. பேர் படிக்கிறது, செக்‌ஷன் இறக்குறது பத்தியும் எழுத்துல கொடுங்க. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்குன்னு வழிகாட்டுதல் கொடுத்திருக்கு, 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல தகுதியான கவுன்சலர் இருக்கணும், மார்க் பாத்துப் பிரிக்கிறதையும் எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துறதையும் முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னு அதுல இருக்கு. ஆனா அந்தச் சண்டையை இந்த வாரம் ஆரம்பிக்காதீங்க, முதல்ல பையன்.

"பரீட்சை முடியட்டும்"னு அம்மா சொல்றதுல இருக்கிற பாசம் புரியுது, ஒரு வருஷம் வீணாயிடக்கூடாதுங்கிற தவிப்பு. ஆனா கணக்கு அப்படி இல்லைங்க. இந்த நிலைமையில புத்தகத்தைப் பிரிச்சு வெச்சாலும் மண்டையில ஏறாது, கவனம் போறது இந்த நோயோட ஒரு பகுதி. அதே நேரம் பரீட்சை நெருங்க நெருங்க பாரம் கூடும், முடிஞ்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கிற வாரங்கள் எல்லாத்தையும் விடக் கஷ்டம். இப்ப ஆரம்பிச்சா மார்ச்சுக்குள்ள தேறி எழுதக்கூட வாய்ப்பு இருக்கு. எழுத முடியலேன்னா ரிசல்ட்டுக்கு அப்புறம் துணைத் தேர்வு இருக்கு. நீட்டுக்கு மேல் வயசு வரம்பை 2022லயே எடுத்துட்டாங்க, இத்தனை தடவைதான் எழுதணும்னும் கிடையாது. இந்த வருஷம் நீட்டை விட்டாலும் அவனுக்கு 18 வயசுதான் ஆயிருக்கும். இதை அவன் காதுல விழுற மாதிரி அம்மா வாயால ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க, "பரீட்சை எழுதலேன்னாலும் பரவாயில்ல சாமி, நீ இருந்தா போதும்"னு. நீங்க பத்து தடவை சொல்றதை விட அது வேலை செய்யும்.

வேலைக்கு ரெண்டு மூணு நாள் லீவு போடுங்க, காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி அவன் கூடப் படுக்கிறதை நீங்களும் அம்மாவும் மாமாவும் முறை வெச்சுக்கோங்க, நீங்க ஒருத்தரே தூங்காம காவல் இருந்தா நாலு நாள்ல நீங்களும் விழுந்துடுவீங்க. டாக்டரைப் பாத்துட்டு என்ன சொன்னாங்க, என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம்னு எனக்கு எழுதுங்க. அந்தப் புறாக்களைத் திரும்பக் கேக்க வேண்டாம், மாமா பையன்கிட்ட நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க, அவனே என்னைக்காவது கேப்பான்.